ஃப்ளெக்ஸ்: ‘நெகிழ்வெண்’ வேண்டாம், ‘விறைப்பெண்’ என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஐஸ் ஹாக்கி மட்டையின் தண்டில் அச்சிடும் ‘ஃப்ளெக்ஸ்’ (flex) என்ற எண்ணுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நம் குழுவில் ஒருவர் எழுதியது:

> ஹாக்கி மட்டையின் ஃப்ளெக்ஸ் = நெகிழ்வெண். எளிதாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. போன மே மாதம் ஏற்காட்டில் இதை நேரிலேயே பார்த்தேன்.

டொரொண்டோவில் ஐஸ் ஹாக்கி ஆடும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது மட்டையையும் கொண்டுவந்திருந்தான். தண்டில் 55 என்று அச்சிட்டிருந்தது. அது என்ன எண் என்று அப்பா கேட்டார். “நெகிழ்வுங்கப்பா” என்றேன். “அப்ப 85 வாங்கினா இன்னும் நல்லா வளையுமா?” என்றார்.

உண்மை நேர்மாறு. தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். 55 என்றால் ஏறக்குறைய 25 கிலோ எடையை ஏற்றி அழுத்த வேண்டும். 85 என்றால் பெரியவர்கள் ஆடும் மட்டை. பையன் எவ்வளவு அழுத்தினாலும் அது போதிய அளவு வளையாது. வளையாவிட்டால் அடியில் வேகம் இல்லை. ஏனென்றால் ஓங்கி அடிக்கும்போது மட்டை வட்டுக்கு (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் வட்டுதான்) சற்று முன்னால் பனியில் பட்டு வளைகிறது, பிறகு நிமிர்கிற வேகத்தில்தான் வட்டைத் தள்ளுகிறது. அதனால்தான் உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, அதில் பாதியை முதல் கணக்காக வைக்கிறார்கள். இவன் 50 கிலோ, அதாவது 110 பவுண்டு. 55 சரியாக வருகிறது.

இன்னொன்று. உயரத்துக்கு ஏற்ப மேல்முனையை வெட்டினால் தண்டு இன்னும் விறைத்துவிடும். துரட்டிக் கம்பு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீள மூங்கில் வளையும், அதையே பாதியாக நறுக்கினால் முரண்டு பிடிக்கும். ‘வெட்டினால் நெகிழ்வெண் ஏறும்’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் தப்பான மட்டையோடுதான் வீடு திரும்புவார். ‘வெட்டினால் விறைப்பெண் ஏறும்’ என்றால் குழப்பமே இல்லை. மார்கழியில் ஏற்காட்டில் “கை விறைச்சுப் போச்சு” என்று சொல்லாத ஆள் கிடையாது. விறைப்பு எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்.

‘வளைவெண்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஹாக்கி மட்டைக்கே வளைகோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே வளைவு என்பது வடிவம். புல்தரை ஹாக்கியில் தண்டின் வில்வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதியே உண்டு. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். ‘துவள்’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் துவண்டது நிமிராது. மட்டை நிமிர வேண்டும்.

ஆங்கிலத்தில் ஃப்ளெக்ஸ் இரண்டு வேலை பார்க்கிறது: எண்ணும் அதுவே, வளைகிற செயலும் அதுவே. நாம் பிரித்துக்கொள்ளலாம். எண்ணுக்கு விறைப்பெண், வளைந்து நிமிர்வதற்கு மீள்வளைவு. பள்ளி இயற்பியலில் மீட்சி என்று படித்தவர்களுக்கு இது ஒட்டும்.

அப்புறம் ‘கிக் பாயிண்ட்’. தண்டில் அதிகம் வளையும் இடம். சில மட்டைகளில் கீழே, சிலவற்றில் நடுவில். ‘உதைப்புள்ளி’ எனக்கு ஒப்பவில்லை, அங்கே உதையே இல்லை. ‘வளைமையம்’ என்றால் நடுவில் மட்டும் என்று ஆகிவிடும். மரவேலை, மூங்கில் வேலை தெரிந்தவர்கள் யாராவது அந்த இடத்துக்குத் தங்கள் பட்டறையில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்களேன்.