அப்பா எழுதாத உயில்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா விவசாயி. முறைத்தண்ணீர் வரும்போது அடுத்தவர் பங்கில் கை வைக்கமாட்டார், நடவுக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுவார். ஊரில் நியாயஸ்தர் என்று பெயர். வீட்டுக்குள் அவர் கையில் புளிய விளாறு இருக்கும். கணக்கில் ஃபெயிலானதற்காக அண்ணனுக்கு முதுகுத் தோல் உரிந்தது. குறுக்கே வந்தால் அம்மாவுக்கும் விழும். செத்துப்போனவர் என்பதற்காக இதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

அக்கா திருவாரூரில் கூட வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி. "அவளைத் தலைமுழுகியாச்சு" என்றார் அப்பா. பேரன் பிறந்த சேதி வந்த அன்றும் அம்மாவை வாசல் தாண்ட விடவில்லை.

அவர் போன பிறகுதான் அக்கா வீட்டுக்குள் வந்தாள். கருமாதி முடிந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார்: "பொண்ணுகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிடுங்கப்பா, பின்னாடி வில்லங்கமாயிடும்." சொத்தில் தன் பங்கு வேண்டாம் என்று பெண்ணிடம் இப்படி எழுதி வாங்குவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அழுத கண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை என்று 2005 திருத்தம் சொல்லிவிட்டது. கல்யாணமாகிப் போனவளுக்கும் அது உண்டு.

எங்கள் எல்லாரிலும் அதிகம் அடி வாங்கிய அண்ணன்தான் எழுந்தான். "அவ பங்கு அவளுக்கு. இதுல பேச ஒண்ணுமில்லை, பெரியப்பா."

அன்று ராத்திரி அம்மா ஒன்று சொன்னாள். பத்திரம் எழுதுகிறவர் ஒருமுறை வீட்டுக்கே வந்து, ஆண்பிள்ளைகள் பேரில் உயில் எழுதிவிடச் சொன்னாராம். அப்பா "வேண்டாம், விடுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். உர மூட்டைக் கணக்கைக்கூட நோட்டில் எழுதி வைத்த மனிதர் அவர். மறந்திருக்க வழியில்லை. ஆனாலும் அதை அவர் காட்டிய பாசம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் கேட்டாள்: "அப்படின்னா ஒரு தடவை போன்ல பேசியிருக்கலாமே?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயம். பிறகு யார் யாருக்கு எதற்கு அடி விழுந்தது என்று விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். தனக்கு விழுந்ததை அம்மா வாய்விட்டுச் சொன்னதும் அன்றைக்குத்தான். எங்களை ஒன்று சேர்த்தது அந்தப் பேச்சுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதுவரை எல்லாரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தோம்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினை பதிவு செய்து, அக்கா பேரில் பட்டாவும் வந்துவிட்டது. அவள் பங்கை அண்ணன் குத்தகைக்குப் பார்க்கிறான். சம்பா அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லை அவனே ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்கிறான். அப்பா திதிக்கு அக்கா, அத்தான், பையன் மூன்று பேரும் வருகிறார்கள். அத்தான் உட்காரும் பந்தியில் பெரியப்பா மட்டும் இன்னும் உட்காருவதில்லை. நாங்களும் அவரை வற்புறுத்துவதில்லை.