சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இன்சுலின்: சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று பாருங்கள்

புரசைவாக்கத்திலிருந்து:

எங்கள் பாண்டி நன்றாகக் கொழுத்த கடுவன். நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தான், ஓயாமல் தண்ணீர் குடித்தான், மணல் தட்டு எப்போதும் நனைந்தே கிடந்தது. பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்க ஆரம்பித்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சர்க்கரை நோய் என்றார்கள். கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட்.

நான் எழுத வந்தது மருந்துக் கடையில் நடந்ததைப் பற்றி. நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகையில் கிடைக்கிறது. சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. எங்கள் குப்பியில் 100 என்று போட்டிருந்தது, கடையில் எடுத்துக் கொடுத்தது சிவப்பு மூடி. கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்றார்கள். ஒன்றே இல்லை! 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற அளவுக்கு ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பெரிய ஆளுக்கு ஒன்றரை யூனிட் கூடினால் சமாளித்துவிடலாம். நாலு கிலோ பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. டாக்டருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு மாற்றி வாங்கினோம். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் விடாதீர்கள், சின்ன அளவுகளுக்கு அதுதான் நம்பகமானது. குப்பியைக் குலுக்க வேண்டாம், மெதுவாகக் கையாளுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதோடு ஒன்று: ஊசிக்கு முன்னால் சர்க்கரை பார்க்காமல் போடாதீர்கள். எங்கள் மீனுவுக்கு கிளினிக்கில் எடுத்தால் எப்போதும் 350-க்கு மேல் காட்டும். பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும், அதை நம்பி அளவைக் கூட்டினால் வீட்டில் இறங்கிவிடும். அதனால்தான் டாக்டர் வீட்டிலேயே பார்க்கச் சொன்னார்.

காது மடலின் ஓரத்தில் குத்த வேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் வைத்துச் சூடேற்றுங்கள், இல்லையென்றால் ரத்தமே வராது. மடலுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் ஊசி ஏறாது. குத்தி முடித்ததும் கொஞ்சம் வேகவைத்த சிக்கன் கொடுப்பேன். இப்போதெல்லாம் மெஷினை எடுத்தாலே மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் எந்த மெஷினில் பார்க்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அதிலேயே தொடருங்கள். அளவை மாற்றுவதற்கு ஒரு நாள் எண் போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று பகல் முழுக்கப் பார்த்து, எப்போது எவ்வளவு கீழே இறங்குகிறது என்று எழுதிக்கொண்டு போனால்தான் டாக்டராலும் முடிவு செய்ய முடியும்.

பெரம்பூரிலிருந்து:

இறங்குவதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஏறியிருந்தால் பூனைக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. இறங்கினால்தான் நேரமே கிடைக்காது. எங்கள் வெள்ளையனுக்குத் தயிர் சாதத்தை நிறுத்திவிட்டு மீனும் கோழியுமாக மாற்றினோம். மாவுச்சத்து குறைந்ததும் சர்க்கரை மளமளவென்று இறங்கியது, இன்சுலின் அளவு மட்டும் பழையபடியே இருந்தது. சாப்பாட்டை மாற்றும்போதே அளவையும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு சுவரில் போய் மோதினான். மீட்டரில் 48. தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினோம். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். கொஞ்சம் தெளிந்ததும் சாப்பிட வைத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடி இறங்கும்.

இன்று வெள்ளையனுக்கு ஊசியே தேவைப்படவில்லை. சில பூனைகளுக்கு, சீக்கிரம் கண்டுபிடித்துக் கவனித்தால், நோய் இப்படி அடங்குவது உண்டு. அடங்கும் சமயத்தில் பார்க்காமல் போடும் ஊசிதான் ஆளைக் கொல்லும். கொஞ்சம் தேன் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

புரசைவாக்கத்திலிருந்து மறுபடியும்:

பெரம்பூர் தம்பி, வெள்ளையன் தேறியதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். எங்கள் டாக்டர், ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால் போடாமல் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். இந்த எல்லை பூனைக்குப் பூனை மாறும், உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். சாப்பிட மறுத்தாலும் அப்படித்தான், முதலில் போன்.

மே மாதத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஐஸ் பெட்டியில் மட்டும் குப்பியை வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

இன்னொன்று, ஊசி போடும்போது பூனை துள்ளி மருந்து ரோமத்தில் ஒழுகிவிட்டது போலத் தெரியும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அப்போது மறுபடி போடாதீர்கள், அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள்.