சார்ஜ் 70% இருந்தும் சில நாள் ரெடி வருவதில்லை

கேள்வி:
எலக்ட்ரிக் கார், நாலு வருடம் ஆகிறது. காலையில் பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மினுக்குகிறது, டிக் டிக் சத்தம், அவ்வளவுதான்; கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வருவதில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. பெரிய பேட்டரி போய்விட்டதா?

சேரன்:
பெரும்பாலும் அது இல்லை. சிறிய 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரை (பெரிய மின் ஸ்விட்ச்) இழுப்பதே இதுதான். இது தளர்ந்தால் பெரிய பேட்டரியில் 70% இருந்தும் பயனில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, காரைப் பூட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு இந்த 12 வோல்ட் பேட்டரியின் டெர்மினலில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் நல்லது, 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். பட்டனை அழுத்தும்போது மீட்டரில் கண் இருக்கட்டும்: 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ரெடி வந்தபின் 13.5-14.5 காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் டிசி-டிசி கன்வெர்ட்டர் (பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்கு மின்சாரம் தரும் கருவி) சார்ஜ் செய்யவில்லை, புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும்.

மலர்:
புது பேட்டரி வாங்குமுன் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிள் பக்கம் கை போகவே கூடாது.

சேரன்:
டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கரை 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்திருக்கிறீர்களா? கார் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அதுதான் திருடன்.

கதிர்:
டிஸ்ப்ளே மினுக்காமல் பளிச்சென்று இருந்தும் ரெடி வராவிட்டால் கதை வேறு. பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள், எரியாவிட்டால் பிரேக்கை மிதித்ததைக் காருக்குச் சொல்லும் பிரேக் ஸ்விட்ச்சில் கோளாறு.