டீசல் இன்ஜின் ஏற்றிய பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிட்டது, சார்ஜிங் விளக்கும் அணைய மறுக்கிறது: உதவி தேவை

ஜீப்காரன்:
வணக்கம். என் பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜினை இறக்கிவிட்டு நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஏற்றியிருக்கிறேன். டர்போ கிடையாது. ரோட்டரி பம்ப் வைத்த, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத அந்தக் காலத்து இன்ஜின். மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாவற்றையும் நானே செய்தேன். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. வண்டியில் ஒழுங்காக நடப்பது அது ஒன்றுதான்.

பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. முழு பலத்தையும் போட்டு மிதித்தால்தான் வண்டி மெல்ல அடங்குகிறது. புது மாஸ்டர் சிலிண்டர் போட்டேன், பிரேக் ஆயிலை மாற்றி நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்தேன். கடுகளவும் மாற்றமில்லை.

மின்சாரப் பக்கம் இன்னொரு தலைவலி. சார்ஜிங் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஆர்.பி.எம். மீட்டர் பூஜ்யத்திலேயே கிடக்கிறது. காலையில் செல்ஃப் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திணறுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. இது என்ன மாயம் என்று புரியவில்லை.

பிரேக்குக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை என்று தெரியும். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பதற்கு மன்னிக்கவும்.

புதியவன்:
பெடலை மிதிக்கத் துணை செய்யும் பிரேக் பூஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலடியில் கொஞ்சம் தாழ வேண்டும். தாழவில்லை என்றால் பூஸ்டரை மாற்றிவிடுங்கள்.

ஜீப்காரன்:
செய்து பார்த்தேன். ஒரு நூல்கூடத் தாழவில்லை. அப்படியானால் பூஸ்டர்தான் போலிருக்கிறது. நாளை வாங்கிவிடுகிறேன்.

பட்டறைக்காரர்:
தம்பி, பூஸ்டர் வாங்க ஓட வேண்டாம். ஏற்கெனவே ஒரு மாஸ்டர் சிலிண்டர் வீணாகிவிட்டது. இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பூஸ்டரிலிருந்து வரும் குழாயின் மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது? இன்ஜினில் இப்போது இருப்பது யாருடைய டைனமோ?

ஜீப்காரன்:
ஐயா, பெட்ரோல் இன்ஜினில் குழாய் இன்டேக் மேனிஃபோல்டில்தான் இருந்தது. அதே போல டீசல் மேனிஃபோல்டிலும் துளை போட்டு, நிப்பிள் வைத்து மாட்டிவிட்டேன்.

டைனமோ பழைய பெட்ரோல் இன்ஜினுடையது. டீசலோடு வந்த டைனமோவின் முதுகில் உருளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒயரிங் பொருந்தும் என்று பழையதையே போட்டேன். அந்த உருளைக்கு இன்ஜினிலிருந்து ஓர் ஆயில் குழாய் வந்தது. அதை போல்ட் போட்டு அடைத்துவிட்டேன்.

பட்டறைக்காரர்:
நினைத்தேன். நீங்கள் கழற்றி வைத்தது டைனமோவை மட்டுமல்ல, உங்கள் பிரேக்கையும் சேர்த்துத்தான்.

முதுகில் இருந்த அந்த உருளைதான் வேக்கம் பம்ப், காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவது. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியை ஒரு தகடு மறித்து நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்கிறது, சிலிண்டர்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அதனால் மேனிஃபோல்டில் பாதரச அளவில் 18 முதல் 20 அங்குலம் வரை வெற்றிடம் தானாகக் கிடைக்கிறது. பூஸ்டர் அதை வைத்துத்தான் உங்கள் காலுக்குத் துணை செய்கிறது. உங்களுடையதைப் போன்ற டீசலில் அந்தத் தகடே கிடையாது. காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது, வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவுதான். ஆகவே மேனிஃபோல்டில் நீங்கள் எத்தனை துளை போட்டாலும் வெற்றிடம் வராது. அந்தத் துளையை முதலில் அடையுங்கள், வடிகட்டாத தூசி அந்த வழியாக இன்ஜினுக்குள் போகக் கூடாது.

டைனமோ சுற்றும்போது அதே தண்டில் பம்பும் சுற்றும். பிரேக்கும் சார்ஜிங்கும் ஒரே தண்டில் கோத்திருக்கின்றன. தொடர்பில்லை என்று எழுதியிருந்தீர்களே!

அந்தப் பம்பைத் திரும்ப மாட்டும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பூஸ்டர் இல்லாமலும் பிரேக் பிடிக்கும்தான், ஆனால் உங்கள் கால் பலத்தை நம்பிச் சாலையில் நடப்பவர்கள் யாரும் இல்லை.

புதியவன்:
என் பதில் தவறு. வருந்துகிறேன். சட்டத்தில் இடிக்கிறது என்கிறாரே, பேட்டரியில் ஓடும் மின்சார வேக்கம் பம்ப் ஒன்றை மாட்டினால் என்ன?

பட்டறைக்காரர்:
மாட்டலாம். அப்படி ஓடும் வண்டிகள் உண்டு. ஆனால் தனி ரிலே, வெற்றிடம் குறைந்தால் தானாகப் போடும் சுவிட்ச், சேமிப்புத் தொட்டி என்று பட்டியல் நீளும். ஒயரிங் இந்த நிலையில் இருக்கும் வண்டியில் பிரேக்கை ஒரு பியூஸின் தயவில் விட எனக்கு மனம் வரவில்லை. பெல்ட்டில் ஓடும் பம்பே கையில் இருக்கும்போது அதையே பாருங்கள்.

குறுக்குச் சட்டத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஒரு சுற்றுச் சிறிய பெல்ட் போட்டால் டைனமோ இன்ஜின் பக்கமாக மேலேறும். இன்ஜின் ரப்பரில் ஆடும் என்பதால் சட்டத்துக்கும் பம்புக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும்.

ஆயில் வழியில் கவனம் தேவை. உள்ளே வரும் குழாய் சிறியது, திரும்பிப் போவது தடித்தது. திரும்பும் குழாய் எங்கும் மேடு ஏறாமல் சரிந்தே இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்புக்கு இறங்க வேண்டும். நடுவில் வளைந்து தொங்கினால் பம்புக்குள் ஆயில் தேங்கும், சீல் வழியாக டைனமோவையும் நனைக்கும். மாட்டும் முன் பம்புக்குள் இரண்டு மூடி இன்ஜின் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள். வறண்டு ஓடினால் பம்ப் நிலைக்காது.

மல்டிமீட்டர்:
பிரேக்கை ஐயா பார்த்துக்கொள்வார். நான் மின்சாரத்துக்கு வருகிறேன். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றீர்களே, அந்த ஒரு வரியே போதும். இன்ஜினுக்கு எர்த் சரியாக இல்லை.

இன்ஜின் நான்கு பக்கமும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பி சேசிஸுக்குப் போகிறது. சேசிஸிலிருந்து இன்ஜினுக்கு வரும் பின்னல் பட்டையைப் பழைய இன்ஜினை இறக்கும்போது கழற்றியிருப்பீர்கள், திரும்ப மாட்டினீர்களா? அது இல்லாவிட்டால் ஹெட்லைட்டுக்குப் போன மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி வர வழி தேடும். அந்த வழியில் தடை இருப்பதால் சேசிஸைவிட இன்ஜினின் மின்னழுத்தம் கீழே இறங்கும். டெம்பரேச்சர் சென்சாரின் எர்த் இன்ஜினில்தான் இருக்கிறது. ஆக, மீட்டர் வழியாகக் கூடுதல் மின்சாரம் ஓடி, முள் பொய் சொல்கிறது. தண்ணீர் சூடாகவில்லை.

மீட்டரை 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, வேறு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பரவாயில்லை.

பிறகு இன்ஜின் ஓடும்போது, டைனமோவின் தடித்த முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள்.

ஜீப்காரன்:
செல்ஃப் அடிக்கும்போது 2.1 வோல்ட் காட்டுகிறது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே 0.8.

இன்னொன்று சொல்ல வேண்டும். செல்ஃபை மூன்றாம் முறை அடித்தபோது ரப்பர் கருகுவது போல் வாடை வந்தது. தேடிப் பார்த்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிள். மேலுறையைத் தொட்டேன், விரல் சுட்டது. பட்டை மாட்டவில்லை, மறந்துதான் போய்விட்டேன்.

மல்டிமீட்டர்:
செல்ஃபின் மின்சாரம் முழுவதும் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இனி ஒருமுறைகூடச் செல்ஃப் அடிக்காதீர்கள். கேபிள் உருகி ஒட்டினால் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ளும்.

செல்ஃபுக்கு வரும் கம்பி எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் ஓர் எர்த் கம்பியைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக கியர்பாக்ஸ் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் தனியாக ஒரு பட்டை. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

0.8 வோல்ட் இழப்புக்குக் காரணம் டைனமோ ஒயர். பெட்ரோல் வண்டிக்குப் போட்ட கம்பி அது. ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளையும் அதிலேயே தொங்கவிட்டிருக்கிறீர்களா? நான்கு பிளக்கும் சேர்ந்து சுலபமாக 40, 50 ஆம்பியர் இழுக்கும், போட்ட முதல் வினாடிகளில் இன்னும் அதிகம். அதற்குப் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, தனி ரிலே, தனி பியூஸ். டைனமோவுக்கும் தடித்த கம்பியாகப் போடுங்கள், மங்கலாக எரியும் சார்ஜிங் விளக்கு அதோடு அடங்கும் என்று நினைக்கிறேன்.

பேட்டரியும் பழைய பெட்ரோல் வண்டியுடையதா? டீசலின் அமுக்க விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றிவிட அதிகத் தெம்பு வேண்டும்.

ஜீப்காரன் (ஐந்து நாட்களுக்குப் பிறகு):
ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

சிறிய பெல்ட் போட்டு டீசல் டைனமோவை ஏற்றினேன். சட்டத்துக்கும் பம்புக்கும் இடையே ஒன்றரை விரல் இடம் இருக்கிறது. ஆயில் குழாய்களைச் சொன்னபடியே கொண்டுவந்தேன். வேக்கம் கேஜ் 25 அங்குலம் காட்டியது. பெடலை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன், காலடியில் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. சத்தியமாகக் கத்திவிட்டேன்.

எர்த் போட்ட பிறகு இழப்பு 0.2 வோல்ட். பேட்டரியையும் பெரிதாக்கினேன். டெம்பரேச்சர் முள் அசையாமல் நிற்கிறது. பேட்டரியில் 14.1 வோல்ட் வருகிறது.

ஆனால் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன. அரை மணி நேரம் ஓடிய பிறகு பெடல் மறுபடி இறுகுகிறது, ஆறினால் சரியாகிறது. அடுத்தது, சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் இன்ஜின் நிற்பதில்லை! கியரில் போட்டு கிளட்சை விட்டுத்தான் அணைக்கிறேன். சாவியை அணைத்தால் டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலினாய்டு பழுதா?

பட்டறைக்காரர்:
பூஸ்டர் குழாய் எது? சூடான நிலையில் பானட்டைத் திறந்து அதைப் பாருங்கள்.

ஜீப்காரன்:
கடையில் கிடைத்த சாதாரண ரப்பர் குழாய். பார்த்தேன். நடுவில் ஒரு சாண் அளவுக்கு ரிப்பன் மாதிரித் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது.

பட்டறைக்காரர்:
அதுதான். சூட்டில் இளகி, வெற்றிடத்தில் சப்பிவிட்டது. நூல் வைத்து நெய்த பிரேக் பூஸ்டர் குழாயே போட வேண்டும், சைலன்ஸர் பக்கம் போகாமல். நடுவில் இருக்கும் ஒருவழி வால்வையும் வாயால் ஊதிப் பாருங்கள். பூஸ்டர் முனையிலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், பம்ப் முனையிலிருந்து ஊதினால் போகக் கூடாது. திருப்பி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மல்டிமீட்டர்:
சோலினாய்டைக் கழற்றாதீர்கள். சாவியை எடுத்த பிறகு இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் விளக்கைக் கவனியுங்கள். எரிகிறதா?

ஜீப்காரன்:
ஆமாம்! லேசாக எரிகிறது. இருட்டில்தான் தெரிந்தது. சாவி என் கையில் இருக்கிறது, விளக்கு எப்படி எரியும்?

மல்டிமீட்டர்:
டைனமோ எரிய வைக்கிறது. வழக்கமாகச் சாவியிலிருந்து மின்சாரம் விளக்கு வழியாக டைனமோவின் டி பிளஸ் முனைக்குப் போய் அதை எழுப்பும். டைனமோ ஓடத் தொடங்கியதும் அந்த முனையிலும் 14 வோல்ட் வந்துவிடும். சாவியை அணைத்தால் அதே 14 வோல்ட் விளக்கு வழியாகப் பின்னோக்கி வந்து, உங்கள் சோலினாய்டுக்கு ஊட்டுகிறது. சோலினாய்டை இழுக்கத்தான் பலம் வேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். பழைய இன்ஜினில் இது தெரிந்திருக்காது, இக்னிஷன் காயில் அவ்வளவு சிறிய மின்சாரத்தில் பொறி விடாது.

டி பிளஸுக்குப் போகும் ஒயரில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 3 ஆம்பியர் டயோடு போடுங்கள். வெள்ளிக் கோடு இருக்கும் முனை டைனமோ பக்கம். திருப்பி வைத்தால் டைனமோ எழாது, சார்ஜ் ஆகாது.

சோலினாய்டுக்கு எந்த ஒயரிலிருந்து எடுத்தீர்கள்? பழைய காயில் ஒயர் என்றால், இடையில் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழு 12 வோல்ட் வராது, ஒருநாள் காலையில் சோலினாய்டு இழுக்காமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஜீப்காரன் (இரண்டு நாட்களுக்குப் பிறகு):
காயில் ஒயர்தான், வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றும் இருந்தது. அதைத் தாண்டிச் சாவியிலிருந்து நேராக எடுத்துவிட்டேன். டயோடு போட்டேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றது, விளக்கும் சேர்ந்தே அணைந்தது. புதுக் குழாயோடு ஒரு மணி நேரம் ஓட்டினேன், பெடல் மாறவில்லை.

ஆர்.பி.எம். மீட்டர் மட்டும் இன்னும் பூஜ்யம். டைனமோவில் டபிள்யூ என்று ஒரு முனை சும்மா இருக்கிறது. அதில் மாட்டலாமா?

மல்டிமீட்டர்:
அந்த முனை அதற்காகத்தான். ஆனால் உங்கள் மீட்டர் இக்னிஷன் காயிலின் துடிப்பை எண்ணப் பழகியது, நான்கு சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு. டைனமோ தன் ஒரு சுற்றுக்கே பெரும்பாலும் ஆறு துடிப்பு கொடுக்கும், புல்லியில் இரண்டு மடங்கு வேகம் என்றால் இன்ஜின் சுற்றுக்குப் பன்னிரண்டு. 800 ஆர்.பி.எம்.மில் ஓடும் இன்ஜினுக்கு 4,800 என்று காட்டும். துடிப்பு எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும் டீசல் மீட்டராக வாங்குங்கள்.

ஜீப்காரன்:
சரி அண்ணா. அந்தப் புது மாஸ்டர் சிலிண்டரைக் கடையில் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்கள். வண்டியிலேயே இருக்கட்டும்.