பாடத்திட்டக் குழுக் கூட்டம்: இன்னும் உறுத்துகிற ஓர் அனுபவம் சொல்லுங்கள்

விதைநெல்:
தன்னாட்சிக் கல்லூரி, தாவரவியல் துறை. 2023ல் பொதுப் பாடத்திட்டத்தோடு எங்களுடையதைப் பொருத்திய சமயம். போர்டு, அதாவது பாடத்திட்டக் குழு, எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வந்திருந்த நிபுணர் கோப்பைத் திறந்ததும் நேராக சி.ஓ., பி.ஓ. அட்டவணைக்குப் போய்விட்டார். ஒரு பாடத்தின் கற்றல் விளைவு (சி.ஓ.) முழுப் படிப்பின் விளைவோடு (பி.ஓ.) எவ்வளவு தொடர்புடையது என்று 1 முதல் 3 வரை எண் போடுகிற அட்டவணை அது. பேனா முனையைக் கட்டம் கட்டமாக வைத்து, 3 எத்தனை, 2 எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தார். "இந்த வரிசை வீக்கா இருக்கு, ரெண்டு மூணு போடுங்க" என்றார். யூனிட் இருந்த பக்கங்களைப் புரட்டவே இல்லை.

முன்னாள் மாணவர் பிரதிநிதியாக வந்த பெண், விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். டீ வந்து, வருகைத்தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டார்: "மேடம், முளைப்புத்திறன் சோதனை இப்ப எந்தப் பேப்பர்ல இருக்கு? நான் தினமும் அதைத்தான் செய்றேன்." மணிநேரம் இடிக்கிறது என்று நீக்கச் சொன்ன யூனிட்டில்தான் அது இருந்தது. "நோட் பண்ணிக்கலாம்மா" என்றார் தலைவர். கூட்டக் குறிப்பில் அப்படி ஒரு வரியே இல்லை.

கார்னோ:
பொறியியல் கல்லூரி. தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. குழு வந்த இரண்டாம் நாள். வெப்ப இயக்கவியல் பாடத்துக்குப் பி.ஓ. 8ல், அதாவது அறநெறியில், 3 போட்டிருந்தது. குழுவில் ஒருவர் விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி மேசையில் விரித்தார். "அறநெறியை அளந்த கேள்வி எதுன்னு காட்டுங்க சார்." எதிரே நின்ற பையன் அந்த செமஸ்டர்தான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தவன். என்ட்ரோபி கணக்கையும் நீராவி அட்டவணைக் கணக்கையும் முன்னும் பின்னும் புரட்டினான். காது மடல் சிவந்துவிட்டது. அட்டவணையைப் போட்டவர் எப்போதோ வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். சேர்ந்த கையோடு அந்தக் கோப்பில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய தேர்வாளர்:
விதைநெல் மேடம், அட்டவணையின் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு கல்லூரியில் மூன்றாவது யூனிட்டிலிருந்து ஐந்து வருடமாக ஒரு கேள்விகூட வராததை அந்த அட்டவணையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். நடத்தியவர் அதை நடத்தவே இல்லை. அட்டவணை இல்லையென்றால் அது வெளியே வந்திருக்காது.

சிக்கல், அதைக் கடைசி நாள் ராத்திரி நிரப்புவதுதான். முதலில் வினாத்தாளை எடுத்து வையுங்கள். எந்தக் கேள்வி எந்த சி.ஓ.வைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கட்டத்துக்கு வாருங்கள். தொடர்பு இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், யாரும் கடிக்க மாட்டார்கள். கார்னோ சார் சொன்ன சம்பவம் அங்கேதான் தடுக்கப்பட்டிருக்கும். ஒரு பாடத்துக்கு ஐந்து ஆறு சி.ஓ. தாராளம். சி.ஓ.வில் கே1, கே2 (நினைவுகூர்தல், புரிதல்) மட்டும் எழுதிவிட்டு, பத்து மதிப்பெண் கேள்வியில் கே4 (பகுத்தாய்தல்) கேட்கக் கூடாது. கிரெடிட்டையும் மணிநேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் தியரிக்கு 15 மணி, லேபுக்கு 30 மணி. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று ஒரு தாள் போட்டு, உறுப்பினர்களுக்குப் பத்து நாள் முன்பே அனுப்புங்கள். நீக்கிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் காரணம் எழுதுங்கள். கூட்டக் குறிப்பை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்குக் கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழு கேட்பது அதைத்தான்.

விதைநெல்:
சார், இடப்பக்கம் வலப்பக்கம் தாள் போட்டோம், முன்பே அனுப்பினோம். படித்துவிட்டு வந்தது அந்த முன்னாள் மாணவி மட்டும்தான். விதிப்படி அவருக்கு நாற்காலி போட்டாயிற்று, அவர் சொன்னதைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் சொல்வது அதைத்தான்.

ஏரிக்கரை:
நான் கௌரவ விரிவுரையாளர். எந்தத் துறையாக இருந்தாலும் சுற்றுச்சூழல் கல்வி தாள் எங்கள் தலையில்தான் விழும். 1991ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்த கட்டாயத் தாள் அது. யு.ஜி.சி. முதலில் தந்த மாதிரியில் எட்டு யூனிட், 50 மணி. எட்டாவது யூனிட் முழுக்கக் களப்பணி. எங்கள் கல்லூரி வடிவமைப்பில் எல்லாத் தாளுக்கும் ஐந்து யூனிட்தான். அதனால் களப்பணி, ஐந்தாவது யூனிட்டின் வாலில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டது. கோப்பைப் பார்த்தால் எல்லாம் சரி.

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த வரியை எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள்: "அருகிலுள்ள நீர்நிலையைப் பார்வையிட்டுப் பதிவு செய்தல்." பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "மிஸ், ஏரி அங்கதானே இருக்கு, எப்ப போறோம்?" என்றாள். காலேஜ் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி, அதன் கரை முழுக்கக் குப்பை மேடு. அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தேர்வு முடிந்தும் பதில் இல்லை. களப்பணிக்கு அவளுக்கு உள்மதிப்பெண் மட்டும் போடச் சொன்னார்கள்.

குறுந்தொகை:
தமிழ்த்துறை. எங்கள் தரக்குழு தந்த படிவத்தில், பாடநூல்கள் அண்மைப் பதிப்புகளாக இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. சங்க இலக்கியத் தாளுக்கு உ.வே.சா.வின் புறநானூறு, 1894 என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் அந்த ஆண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் "பழையது, மாற்றவும்". 1937ல் வந்த அவருடைய குறுந்தொகைப் பதிப்புக்கும் அதே வட்டம். பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி சொல் மாறுவது, என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் பக்கங்களைத் திறந்துதானே ஆக வேண்டும்? நேரில் போய்ச் சொன்னேன். "மேடம், கணினி அறிவியல் துறைக்கு இதே படிவம்தான், அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார்கள். இரண்டு நூலும் கடைசியில் "மேலும் படிக்க" என்ற பகுதிக்குப் போயின. நூலகத்துக்கு வாங்கும் பட்டியல் பாடநூல் பகுதியிலிருந்து மட்டும்தான் தயாராகிறது.

சுவடி:
குறுந்தொகை அம்மா, உ.வே.சா. நூலக மறுபதிப்பு கிடைக்கிறது. முதல் பதிப்பு ஆண்டை விட்டுவிட்டு, கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டைப் போட்டுப் பாடநூல் பகுதியிலேயே கொடுங்கள். எங்கள் துறையில் அப்படிக் கொடுத்துத்தான் நிறைவேறியது. அடுத்த போர்டு வரை காத்திருக்க வேண்டாம், திருத்தமாகக் கல்விக்குழுவுக்கு வைக்கலாம்.