லேப்டாப்பை ஸ்டீரியோவில் மாட்டினா ஒரே இரைச்சல், அவசரம்!

மொட்டைமாடி: லேப்டாப்ல இருந்து வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒயர் போட்டேன். பாட்டு கரகரன்னு உடையுது, கூடவே "ம்ம்ம்"னு ஓயாத சத்தம். ஒயர் புதுசு. நாளைக்குக் காலைல வீட்ல விசேஷம். சீக்கிரம் சொல்லுங்களேன்.

ஈயப்பற்று: என்ன ஆம்ப்ளிஃபயர்? பின்னாடி எதுல குத்தியிருக்கீங்க? சார்ஜர் மாட்டியிருக்கா?

குறிஞ்சி88: ஒயர் என்ன விலை? பிளாட்ஃபாரத்துல வாங்கினதுன்னா இரைச்சலைத் தடுக்கற ஷீல்டே இருக்காது. அதான் பிரச்சினை.

மொட்டைமாடி: அப்பா காலத்து ஆம்ப். பின்னாடி சிவப்பு வெள்ளைன்னு நாலு ஜோடி இருக்கு. முதல் ஜோடி காலியா இருந்துச்சு, அதுல குத்தினேன்.

பழையபஞ்சாங்கம்: தம்பி, தேடிப் பாத்துட்டுக் கேக்கற பழக்கமே போயிடுச்சு. டார்ச் அடிச்சுப் பாருங்க, அது மேல 'ஃபோனோ'ன்னு எழுதியிருக்கும். ரெக்கார்டு பிளேயருக்கு உண்டானது. ஊசியில இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு பெருக்கி, பாஸைத் தூக்கி, ட்ரெபிளை அமுக்கித் தரும். லேப்டாப் குடுக்கறது கிட்டத்தட்ட ஒரு வோல்ட். உடையாம என்ன செய்யும்? ஆக்ஸ், டேப் இன், சிடி, எதுல வேணா போடுங்க. டேப் அவுட் சத்தம் வெளிய போற வழி, அதுல குத்திட்டுத் திரும்ப வந்து நிக்காதீங்க.

ஈயப்பற்று: உடையறதுக்கு அது சரி. அந்த "ம்ம்ம்" எர்த் லூப்பா இருக்கும், அதாவது சார்ஜர் எர்த்தும் ஆம்ப் எர்த்தும் ஒயர் வழியா வளையமாச் சேர்ந்து வர்ற நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டோட முனகல். சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.

சும்மாராஜா: ஆம்ப் பிளக்ல எர்த் பின்னைப் புடுங்கிடுங்க. நான் பத்து வருஷமா அப்படித்தான் ஓட்றேன்.

ஈயப்பற்று: ஐயா, விளையாடாதீங்க. உள்ள கரண்ட் கசிஞ்சா ஆம்ப்போட பாடி முழுக்க ஷாக் அடிக்கும். விசேஷ வீடு, குழந்தைங்க தொடும். அந்த எர்த் லூப்பை வெட்ட கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சின்ன டப்பா கிடைக்கும், ஒயருக்கு நடுவுல மாட்டினா போதும்.

சும்மாராஜா: எங்க வீட்டு பாயிண்ட்ல எர்த்தே கிடையாது. எனக்கு என்ன ஆச்சு?

பழையபஞ்சாங்கம்: இன்னும் ஆகல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

சும்மாராஜா: அந்தக் காலத்துல எல்லாமே ரெண்டு பின்தானே சார்!

பழையபஞ்சாங்கம்: அந்தக் காலத்துல செத்தவங்க யாரும் இங்க வந்து எழுத மாட்டாங்க.

மொட்டைமாடி: ஆக்ஸ்ல போட்டேன், உடையல. சார்ஜரைக் கழட்டினேன், "ம்ம்ம்" நின்னுடுச்சு. பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும், நாதஸ்வரத்துக்கு அது போதும். பந்தல்காரர் வந்துட்டார், வரேன்.

குறிஞ்சி88: ஒயர் என்ன விலைன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.