மாத்திரை தொடங்கிய பிறகு ஆசையே போய்விட்டது. உங்களுக்கும் நடந்ததா?

வைகைக்கரை: பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., எட்டு மாதமாக. பதற்றம் அடங்கியது, தூக்கம் வந்தது, அதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஞாயிறு மதியம், பிள்ளைகள் பாட்டி வீட்டில். மனைவி பக்கத்தில் வந்து படுத்தாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவள் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் மேல ஏதாவது கோபமா?” என்று கேட்டாள். மாத்திரையால் இப்படி ஆகும் என்று எனக்கே அப்போது தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

மழைமுகில்: எனக்கு ரிஸ்பெரிடோன், மனநோய்க்கான மாத்திரை. மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஒருநாள் காலையில் நைட்டி மார்புப் பக்கம் நனைந்திருந்தது. பால். கல்யாணம் ஆகாதவள் நான். அம்மா அதைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. மறுநாள் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறியிருந்தது. அந்த கிட்டை அவர் வைத்துவிட்டுப் போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

செம்மண்: வைகைக்கரை, எட்டு மாதம் ஏன் பொறுத்தீர்கள்? நான் அதே வகை மாத்திரையான பாரோக்சிட்டினை ஒரே நாளில் விட்டேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் தலையைத் திருப்பினால் உள்ளே சுரீர் என்று கரண்ட் அடித்தது போல இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் விட்டது நல்லதுதான்.

ஓய்வுபெற்றவன்: செம்மண், தயவுசெய்து இதைப் பிறருக்குச் சொல்லாதீர்கள். எனக்கு இதய பலவீனத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தார்கள். பனியன் உரசினாலே மார்க்காம்பு வலிக்கும், உள்ளே புளியங்கொட்டை அளவு கட்டி. புற்றுநோய் என்றே நினைத்தேன். அந்த மருந்து ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்குமாம். டாக்டர் எப்ளெரினோனுக்கு மாற்றினார், வலி போனது. அதனால் சொல்கிறேன், மாற்று உண்டு. மனச்சோர்வுக்கு பியூப்ரோபியான் போன்றவை ஆசையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அளவைக் குறைத்தும் பார்க்கலாம். ஆனால் எதையும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் போடும் அட்டெனோலால் வகையைத் திடீரென்று விட்டால் மாரடைப்பு வரைக்கும் போகலாம். இன்னொன்று, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும், உயிரே போகலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மழைமுகில்: ஐயா, சொல்லுங்கள் என்கிறீர்கள். அந்த அறையில் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் “வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?” என்று கேட்டபோது இரண்டு தடவை இல்லை என்றேன். மூன்றாவது தடவை போனபோது, வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போய், ஃபைலுக்குள் வைத்து நீட்டினேன்.